கடன் வாங்காத கழித்தல்

மாரண்டஅள்ளி தாண்டி இரண்டாவது நிறுத்தம்.
ஈராசிரியர் பள்ளி. மூன்றாம் வகுப்பில் பதினொரு பேர்.
ஐம்பத்திரண்டில் இருபத்தேழு போனால்
முப்பத்தைந்து என்று எழுதியிருந்தாள் திவிஷா.
சிவப்பு மையில் தப்பு போட்டேன்.
அடுத்த கணக்கிலும் அதே.
அதற்கடுத்ததிலும்.
எங்கெல்லாம் மேலே சின்ன எண் இருந்ததோ
அங்கெல்லாம் கீழேயிருந்து மேலதைக் கழித்திருந்தாள்,
தலைகீழாக, ஆனால் ஒழுங்காக.
பதினான்கு கணக்கு, பதினான்கு சிவப்பு.

"ரெண்டுல ஏழு போகாது. அப்ப என்ன பண்ணணும்?"
வகுப்பே கத்தியது: "பக்கத்து வீட்டுல கடன் வாங்கணும்!"
அவள் உதடு மட்டும் அசையவில்லை.
"நீ ஏன் வாங்கல?"
"எங்கம்மா வாங்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கு."

மாதேஷ் சிரித்தான்.
நான் சிரிக்கவில்லை. சாலம்மாவின் மகள் அவள்.
செவ்வாய் தோறும் குழுக் கடன் வசூல் வண்டி வரும் தெரு.
ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டவேண்டும்,
கட்டி முடியும்வரை யாரும் எழுந்து போகக் கூடாது.
பிறகு அவளே கேட்டாள்:
"வாங்குன பத்த எப்ப டீச்சர் திருப்பிக் குடுப்பாங்க?"

பன்னிரண்டு வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன்.
ஐந்தின் தலையில் ஒரு கோடு,
மேலே குட்டியாய் ஒரு நான்கு,
இரண்டின் தோளை ஒட்டி ஒரு ஒன்று.
எத்தனை ஆயிரம் முறை.
ஒரு முறைகூடத் திருப்பிக் கொடுத்ததில்லை.
யாரும் கேட்டதுமில்லை.

மறுநாள் அவள் வீட்டிலிருந்தே புளியங்கொட்டை வந்தது.
பங்குனியில் அங்கே பாதித் தெரு புளி தட்டும்.
பத்துப் பத்தாய்க் கவரில் போட்டு ரப்பர் பேண்டு மாட்டினோம்.
ரப்பர் பேண்டு போதாமல் மாதேஷ்
சக்தீஸ்வரியின் ஜடையிலிருந்து ஒன்றை உருவ,
கொஞ்ச நேரம் அடிதடி.

ஐந்து கவர், இரண்டு உதிரி.
"இருபத்தேழு எடு."
இரண்டு கவரை எடுத்தாள். ஏழு உதிரி இல்லை.
நான் பேசவில்லை. பேசாமலிருப்பதுதான் கஷ்டம்,
நாக்கு நுனியில் பக்கத்து வீடு வந்து நிற்கிறது.
மணியடித்தது. தட்டுகளோடு எல்லோரும் ஓடினார்கள்.
அவள் போகவில்லை.
ஒரு கவரைக் கழற்றித் தரையில் கொட்டினாள்.
கொட்டியதும் பயந்து,
எடுத்த இரண்டையும் திரும்ப வைத்து,
முதலிலிருந்து எண்ணினாள்.
ஐம்பத்திரண்டு.
"பிரிச்சாலும் அவ்ளோதான் இருக்கு டீச்சர்."
"ம்."
"யாருகிட்டயும் வாங்கல. நம்மளுதுதான். அவுத்துட்டோம்."
இருபத்தைந்து என்று எழுதினாள்,
ஐந்தைக் கொஞ்சம் பெரிதாக.

மாதேஷைப் பற்றியும் சொல்லவேண்டும்.
கவர் பிரிப்பது அவனுக்குப் பிடித்துப்போனது, அதனால்
தேவையில்லாதபோதும் எல்லாவற்றையும் பிரித்துவிடுகிறான்,
அறுபது கொட்டையை ஒவ்வொன்றாய் நகர்த்தி
மூன்றே காலுக்குச் சரியான விடையோடு வருகிறான்.
அதுவும் ஒரு வழி. விட்டுவைத்திருக்கிறேன்.

போன புதன்கிழமை, பள்ளி விட்டபின்,
திவிஷா ஒரு அட்டையை நீட்டினாள்.
கட்டம் கட்டமாய்த் தேதி, தொகை, அம்மாவின் கையெழுத்து.
பின்பக்கம் பென்சிலில் அவள் கணக்கு:
கட்டியது ஐநூறு.
அசலில் குறைந்தது முந்நூற்றுப் பத்து.
ஐந்தின் மேல் நான்கு, அதன் பக்கத்தில் பத்து,
கோடு நேராக இருந்தது.
நூற்றுத் தொண்ணூறு. விடை சரி.
"இந்த நூத்தித் தொண்ணூறு எங்க டீச்சர் போச்சு?
ரெண்டு தடவ எண்ணிட்டேன். எங்கியும் இல்ல."

அது பெரிய வகுப்பில் வரும் என்று
சொல்ல வாயெடுத்தேன்.
பாலக்கோடு பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம்.

"கொட்டைப் பைய எடுத்துட்டு வா," என்றேன்.